கயிறில்லாமல் ஏறிய வியாழக்கிழமை

கொன்ஸ்டான்சின்
18 நவம்பர் 2013

அக்கா,

கோணல்மாணலான இந்த எழுத்தைப் பார்த்து ஏதோ குழந்தை எழுதியது என்று நினைத்துவிடாதே. நான்தான், கோஸ்மா. வலது மணிக்கட்டுக்குள் தகடு வைத்துத் தைத்திருக்கிறார்கள். விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. இங்கே பயிற்சி கொடுக்கும் மிர்க்கா அம்மாள், தினம் ஒரு பக்கம் கையால் எழுதியே தீர வேண்டும் என்கிறார். "யாருக்காவது லவ் லெட்டர் எழுதுப்பா, விரல் தானா மடங்கும்" என்று கிண்டல் வேறு. எனக்கு அப்படி யாரும் இல்லையே. அதனால் உனக்கு.

ஐந்து வாரமாக நீ போனை எடுக்கவில்லை. அம்மா இரண்டு முறை ரயிலேறி வந்தாள், டப்பா நிறைய பியரோகி கொழுக்கட்டை கொண்டுவந்தாள். உன்னைப் பற்றிக் கேட்டால் ஜன்னலைப் பார்க்கிறாள். செனோன் எப்படி இருக்கிறார் என்றால், "நல்லா இருக்காரு, நீ சாப்பிடு" என்கிறாள். அவர் காலில் கல் விழுந்தது எனக்குத் தெரியும். என்னை ஸ்ட்ரெச்சரில் கட்டி முடித்த நேரத்தில்தானே விழுந்தது. எலும்பு கூடிவிட்டதா? எப்போது மறுபடி உங்கள் மலை மீட்புக் குழுவில் டூட்டிக்கு வருகிறார்?

என் இடுப்பெலும்பு கூடிவிட்டது. குதிகால் மட்டும் நொறுங்கிய பிஸ்கட் மாதிரி இருந்ததாம், ஆறு திருகாணி போட்டு ஒட்டியிருக்கிறார்கள். ஏப்ரலில் ஊன்றுகோல் இல்லாமல் நடப்பேன். ஜூனில் மறுபடி பாறை ஏறுவேன்.

நீ பல்லைக் கடிப்பது இங்கே கேட்கிறது. ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன். காக்கைச் சுவரில் அந்தக் கைப்பிடிக் கல் உடைவதற்கு முன் நான்கு மணி நேரம் இருந்ததே, என் வாழ்க்கையில் அதற்கு இணையாக எதுவும் இல்லை. காலுக்குக் கீழே முந்நூறு மீட்டர் வெறும் காற்று. கயிறு இல்லை, ஆணி இல்லை, பேச ஆள் இல்லை. எப்போதும் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கிற ரேடியோ நின்றுபோனது. அடுத்த கைப்பிடி, அடுத்த கால்மிதி, அவ்வளவுதான் உலகம். வார்சாவில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அறுபது வயதுவரை இருப்பதைவிட அந்த நான்கு மணி நேரம் பெரியது. ரிஸ்க் என்னுடையது, உடம்பும் என்னுடையது. கல் உடைந்து கீழே ஒரு திட்டில் விழுந்தது துரதிர்ஷ்டம். மழை வந்தது இன்னொரு துரதிர்ஷ்டம்.

கோபமென்றால் திட்டியாவது எழுது.

கோஸ்மா


சகோபனே
27 நவம்பர் 2013

கோஸ்மா,

போனில் பேசினால் கத்துவேன். நான் கத்தினால் நீ சிரிப்பாய். அதனால்தான் எடுக்கவில்லை.

செனோனுக்கு எலும்பு கூடவில்லை. கூடுவதற்கு அங்கே எலும்பு இல்லை. அக்டோபர் பதினான்காம் தேதி இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நீ நடக்கத் தொடங்கும்வரை உனக்குச் சொல்லக் கூடாது என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். உன் கடிதத்தைப் படித்தபின் அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றும் எண்ணம் எனக்கு இல்லை.

துரதிர்ஷ்டம் என்று எழுதியிருக்கிறாய். நடந்ததை எழுதுகிறேன், சரிபார்த்துக்கொள். மதியம் 12.50க்கு உன் அழைப்பு வந்தது. ஹெலிகாப்டர் போய்ப் பார்த்தது, மேகம் சுவரை மூடியிருந்ததால் திரும்பிவிட்டது. ஆறு பேர் நடந்து ஏறினோம். முதலில் மழை, பிறகு ஆலங்கட்டி. 4.15க்கு உச்சியில் இருந்தோம். செனோனைக் கயிற்றில் எண்பது மீட்டர் கீழே இறக்கினோம். அந்தக் கயிற்றைத் தளர்த்திக்கொண்டிருந்தவள் நான். அவர் உன்னைக் கட்டி முடித்ததும் கல் வந்தது. மழையில் ஊறிய சுவரிலிருந்து கல் வரத்தான் செய்யும். அதற்குப் பெயர் துரதிர்ஷ்டம் இல்லை, அக்டோபர் மாதம்.

வயர்லெஸில் செனோன் சொன்னது இவ்வளவுதான்: "பையனை மொதல்ல இழுங்க. என் கால் சரியில்ல." உன்னை முதலில் இழுத்தோம். அவர் மேலே வந்து சேர இன்னும் ஐம்பது நிமிடம் ஆயிற்று.

அவருக்கு நாற்பத்து நான்கு வயது. அவர் மனைவி லுத்விகா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறாள். என்னைத் தெருவில் பார்த்தால் எதிர்ப் பக்கம் போய்விடுகிறாள்.

உடம்பு உன்னுடையது என்கிறாய். சரி. அந்தக் கால் யாருடையது?

ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். போனை எடுத்து எங்கள் எண்ணை அழுத்தினாயே, அப்போது யார் வருவார்கள் என்று நினைத்தாய்? பதில் இருந்தால் எழுது. இல்லாவிட்டால் உன் பெயரையே பக்கம் பக்கமாக எழுதி மிர்க்கா அம்மாளிடம் காட்டு.

பொக்னா


கொன்ஸ்டான்சின்
8 டிசம்பர் 2013

அக்கா,

உன் கடிதம் வந்த பிறகு மூன்று நாள் நான் எதுவும் எழுதவில்லை. "என்னப்பா, காதல் முறிஞ்சுபோச்சா?" என்றார் மிர்க்கா அம்மாள். பிறகு என் முகத்தைப் பார்த்தார். ஒரு துண்டு கசகசா கேக்கை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

செனோனுக்கு மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். மன்னியுங்கள் என்று எழுதியபின் அடுத்த வரி வரவில்லை.

உன் கேள்விக்குப் பதில் இருக்கிறது. அதைச் சொன்னால் நீ எனக்கு மறுபடி எழுதவே மாட்டாய் என்று நினைக்கிறேன். இருந்தாலும் சொல்கிறேன்.

நீ வருவாய் என்று நினைத்தேன்.

மாட்டிக்கொண்ட அந்த நிமிடத்தில் நினைத்தது அல்ல அது. அதற்கும் முன்பே நினைத்தது. எந்தெந்த நாள் உனக்குச் சாப்பாடு எடுத்து வைக்க வேண்டும் என்று தெரிவதற்காக அம்மா உன் டூட்டி அட்டவணையை ஃப்ரிட்ஜில் ஒட்டி வைத்திருப்பாளே, அதை ஒவ்வொரு மாதமும் போட்டோ எடுத்துக்கொள்வேன். இரண்டு வருடமாக. பெரிய சுவர் என்றால் நீ டூட்டியில் இருக்கும் நாளாகப் பார்த்துத்தான் போவேன். அக்டோபர் பத்து, வியாழக்கிழமை. செவ்வாய்க்கிழமை வானம் அதைவிடத் தெளிவாக இருந்தது. ஆனால் செவ்வாய்க்கிழமை உனக்கு லீவு.

கயிறில்லாமல் ஏறுகிறவன் என்று ஊரெல்லாம் பெருமை பேசினேன். கயிறு இருந்தது. உன்னைத்தான் இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறியிருக்கிறேன், உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல். அந்தக் கயிற்றில் நீ வருவதற்குப் பதில் செனோன் வந்தார்.

இனி நீ எழுதுவதும் எழுதாததும் உன் இஷ்டம்.

கோஸ்மா


சகோபனே
12 ஜனவரி 2014

கோஸ்மா,

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் விருந்துக்கு அம்மா எப்போதும்போல ஒரு தட்டு அதிகம் வைத்தாள், வழிப்போக்கர் யாராவது வந்தால் என்று. உன் தட்டையும் வைத்தாள். இரண்டு காலித் தட்டுகளைப் பார்த்துக்கொண்டே நாங்கள் மீன் சாப்பிட்டோம்.

"அவனுக்கு எழுதினியா?"

"இல்லம்மா."

"எப்ப எழுதுவ?"

"கை ஓங்காம எழுத வர்றப்ப."

இன்றைக்கு வருகிறது. உன் கடிதம் வந்த அன்று நேராக அம்மா வீட்டுக்குப் போய், ஃப்ரிட்ஜிலிருந்த தாளைக் கிழித்துச் சட்டைப்பைக்குள் திணித்தேன். ஏன் என்று கேட்டாள். சொல்லவில்லை. இதுவரைக்கும் சொல்லவில்லை.

நீ உண்மையை எழுதிவிட்டாய். நானும் ஒன்று எழுத வேண்டும்.

அன்றைக்குக் கீழே இறங்க வேண்டிய முறை என்னுடையது. எங்கள் குழுத் தலைவர் தடுத்துவிட்டார். "கீழ கெடக்கறது உன் தம்பி. நீ மேல நில்லு, செனோன் போகட்டும்" என்றார். சரியான முடிவுதான், அவர் இடத்தில் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் அந்த நொடியில் எனக்கு வந்தது ஏமாற்றம். உனக்கு என்ன ஆகுமோ என்ற பயம்கூட அதற்குப் பின்னால்தான் வந்தது. மேகத்துக்குள் எண்பது மீட்டர் தொங்கி இறங்கும் வாய்ப்பு கையைவிட்டுப் போகிறதே என்ற ஏமாற்றம், கோஸ்மா. கடைக்குப் போன குழந்தைக்கு மிட்டாய் கிடைக்காத மாதிரி. எட்டு வருடமாக உயிரைக் காப்பாற்றத்தான் ஏறுகிறேன் என்று எல்லாரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். உன் தலைக்குள் நின்றுபோகும் அந்த ரேடியோ எனக்கும் அங்கேதான் நிற்கிறது. எனக்குச் சீருடை தந்திருக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

இனி சுவருக்குப் போவதில்லை என்று தலைவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். இந்த மாதத்திலிருந்து தொலைபேசி மேசையில் உட்காருகிறேன்.

செனோனைப் பார்க்கப் போயிருந்தேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"உன் தம்பிகிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றார்.

"திட்டணும்னா நானே திட்டிடறேன்."

"அதில்ல. காக்கைச் சுவர்ல மேல ஒரு வழுக்குப் பாறை இருக்கே, அதை எப்படித் தாண்டினான்? இருபது வருஷமா பாக்கறேன், எனக்கு அதுல ஒரு பிடிகூட கண்ல படல. இடது பக்கமா போனானா, நேராவா?"

லுத்விகா சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். கரண்டியை வைத்தாள். "ஒரு கால் போயாச்சு. இன்னும் பாறையைப் பத்திப் பேச்சு. நீங்க மூணு பேரும் ஒரே பைத்தியம், போட்டிருக்கற சட்டைதான் வேற வேற." கோட்டைக்கூட மாட்டாமல் வெளியே போய்ப் பனியில் நின்றாள். ஜன்னல் வழியாக அவள் முதுகு தெரிந்தது. செனோன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சூப்பைக் கிளறினேன்.

அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் எதுவும் இல்லை. உன்னிடம் இருக்கிறதா?

பொக்னா


கொன்ஸ்டான்சின்
20 பிப்ரவரி 2014

அக்கா,

செனோனுக்குப் பதில் எழுதினேன். மன்னிப்பு இரண்டு வரி, வழுக்குப் பாறை ஐந்து பக்கம், படத்தோடு. பத்து நாளில் திரும்பி வந்தது. கூடவே லுத்விகாவின் கையெழுத்தில் ஒரு துண்டுத்தாள்: "இதை அவரிடம் கொடுக்க மாட்டேன். படித்தால் செயற்கைக் கால் வந்த மறுநாளே பாறையடியில் போய் நிற்பார். உனக்குச் சொல்ல ஏதாவது இருந்தால் வந்து என் முகத்தைப் பார்த்துச் சொல்."

போகப் போகிறேன். ஏப்ரல் கடைசி வாரம். இன்றைக்கு ஊன்றுகோலோடு நூற்று நாற்பது அடி நடந்தேன். அவர் வீட்டு வாசல் மேட்டில் இருக்கிறதே, அதில் ஏறுமளவுக்கு நடக்கப் பழக வேண்டும்.

இப்போது உன் விஷயம். நீ மேசையில் போய் உட்கார்ந்தது தப்பு.

உனக்கும் அது பிடித்திருக்கிறது, அதனால் நீயும் நானும் ஒன்று என்கிறாய். இல்லவே இல்லை. யாராவது கூப்பிட்டால் நீ ஏறுகிறாய். நான் ஏறிவிட்டுக் கூப்பிடுகிறேன். செய்கிற வேலை பிடித்திருந்தால் அது குற்றமா? என் விரலை வளைத்து நான் அலறுவதைக் கேட்க மிர்க்கா அம்மாளுக்கு ரொம்பப் பிடிக்கும், கண்ணிலேயே தெரிகிறது. அதற்காக அவர் வேலையை விட்டால் என் விரல் என்ன ஆவது?

நான் செனோனின் காலை எடுத்துவிட்டேன். நீயும் சுவரிலிருந்து இறங்கினால் உன்னையும் நான்தான் எடுத்தேன் என்று ஆகும். திரும்பிப் போ. கெஞ்சவில்லை, சொல்கிறேன்.

கோஸ்மா


சகோபனே
16 மார்ச் 2014

கோஸ்மா,

எனக்கு உத்தரவு போடும் அளவுக்கு உடம்பு தேறிவிட்டது போலிருக்கிறது.

போன ஞாயிறு ஒரு பெண் கூப்பிட்டாள். பத்தொன்பது வயது. முகட்டின் விளிம்பில் நின்று படம் எடுக்கப் போய், உறைபனியில் சறுக்கி, பாறையில் ஒரு கதவளவு திட்டில் போய் நின்றிருக்கிறாள். இரண்டே முக்கால் மணி நேரம் அவளோடு பேசினேன்.

"போட்டோ எடுக்கத்தான் வந்தேன், வேற ஒண்ணுமில்ல" என்று அழுதாள்.

"பாதிப் பேர் அதுக்குத்தான்மா வராங்க. காலை நகத்தாத."

"நீங்க வருவீங்களா?"

"எங்க ஆளுங்க வந்துட்டே இருக்காங்க."

"நீங்க?"

காலை நகர்த்தாதே என்று மறுபடி சொன்னேன். மேலே போனவர்களில் ஒருவனுக்கு அதுதான் முதல் சுவர். வயர்லெஸில் அவன் மூச்சு சீறுவது கேட்டது. நான் போயிருந்தால் பாதி நேரத்தில் முடிந்திருக்கும். எனக்கு அது பிடிக்கிறதா, பிடிப்பது சரியா என்று சூடான அறையில் உட்கார்ந்து என்னை நானே விசாரித்துக்கொண்டிருக்கிறேன், அந்தப் பெண் அங்கே குளிரில் விறைத்துக்கொண்டிருக்கிறாள். என் மனசாட்சியை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

கடைசியில் மீட்டுவிட்டார்கள். இரண்டு கால்விரல் போயிற்று.

ஏப்ரல் ஒன்றிலிருந்து மறுபடி சுவர்க் குழுவில் இருக்கிறேன். நீ சொன்னதால் என்று நினைத்துக்கொள்ளாதே.

லுத்விகாவிடம் போ. பூ வாங்கிக்கொண்டு போகாதே. மனப்பாடம் செய்துகொண்டும் போகாதே. நீ வரும் வாரம் நான் பயிற்சி முகாமில் இருப்பேன், வேண்டுமென்றேதான். உன் பதிலை நீயே சொல்.

பொக்னா


வார்சா
4 மே 2014

அக்கா,

போய் வந்துவிட்டேன்.

லுத்விகா கதவைத் திறந்தார், நாற்காலியைக் காட்டினார், எதிரே உட்கார்ந்தார். செனோன் கொல்லையில் இருந்தார், சுத்தியல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"சொல்லு."

"மன்னிச்சிடுங்க."

"அது தபால்லயே வந்துடுமே. நான் கேக்கறது வேற. அது அவ்வளவு பெருசா? ஒரு ஆளோட காலைக் குடுக்கற அளவுக்குப் பெருசா? மழுப்பாம சொல்லு."

இல்லை என்று சொல்வதாக ரயிலில் ஆறு மணி நேரம் தீர்மானித்துக்கொண்டு போயிருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் அந்தப் பொய் வாயில் வரவில்லை.

"என் குதிகாலுக்கும் கைக்கும் அது தகும். திரும்பக் கேட்டாலும் குடுப்பேன். அவர் காலுக்குத் தகாது. அது என்னோடது இல்ல. போன் பண்ணா யாராவது வந்துதான் ஆகணும்னு தெரியும். தெரிஞ்சும் தெரியாத மாதிரி ஏறினேன்."

அவர் எழுந்து தேநீர் போட்டார். எனக்கு ஒன்று, அவருக்கு ஒன்று. நெடுநேரம் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தார்.

"இருபது வருஷமா இதையே இவர்கிட்டயும் கேட்டுட்டு இருக்கேன். ஒரு தடவைகூட நேரா பதில் வந்ததில்ல."

அப்போது செனோன் உள்ளே வந்தார். புதுக் கால் தரையில் டக், டக் என்றது. என்னைப் பார்த்துச் சிரித்தார், அக்கா. அதைத்தான் தாங்க முடியவில்லை.

"செப்டம்பர்ல ஏறப் போறாராம்" என்றார் லுத்விகா. "அழுது பாத்தேன். பேசாம இருந்து பாத்தேன். கேக்கற ஆளா? அதனால நீ வா. இவர் எப்ப ஏறினாலும் கீழ நின்னு கயிறைப் பிடிக்கறது நீதான். ஒரு காலை எடுத்த. மிச்சம் இருக்கறதை நீயே பாத்துக்க."

"இவனுக்குக் கயிறு பிடிக்கவே தெரியாதும்மா" என்றார் செனோன்.

"கத்துக்கட்டும்."

உண்மைதான். ஐந்து வருடமாக நான் யாருக்கும் கயிறு பிடித்ததில்லை. சரி என்று சொல்லிவிட்டேன். இனி சனிக்கிழமைதோறும் சகோபனேவுக்கு ரயில்.

கோஸ்மா


வார்சா
8 செப்டம்பர் 2014

அக்கா,

இரண்டு விஷயம். முதலாவதை யாரிடமும் சொல்லவில்லை.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை, செனோனோடு பழைய கல்குவாரியில் பயிற்சி முடிந்ததும் அவரை வீட்டில் விட்டுவிட்டுத் தனியாகக் காக்கைச் சுவரடிக்குப் போனேன். பாறை வெயிலில் சூடாக இருந்தது. கை வைத்தேன். நான்கு மீட்டர் ஏறினேன். குதிகால் வலிக்கவில்லை, விரல்கள் கேட்டதைச் செய்தன, அந்த ரேடியோ நிற்கத் தொடங்கியது. பிறகு இறங்கிவிட்டேன். பயத்தில் இறங்கவில்லை. அன்று யார் டூட்டி என்று எனக்குத் தெரியாது. யாராக இருந்தாலும் அவருக்கும் ஒரு சமையலறை இருக்கும், அதில் ஒருத்தி நின்று சூப் கிளறிக்கொண்டிருப்பாள் என்று தோன்றியது. புல்லில் உட்கார்ந்து அழுதேன். இனி ஏறவே மாட்டேன் என்று சத்தியமெல்லாம் செய்ய மாட்டேன். அன்றைக்கு இறங்கினேன். அதை மட்டும்தான் சொல்ல முடியும்.

இரண்டாவது, நேற்றைக்கு முந்தின நாள். செனோனின் முதல் உண்மையான பாறை. அறுபது மீட்டர்தான், சரிவு, பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுகிற இடம். லுத்விகா புல்வெளியில் எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தார். முப்பது மீட்டரில் செனோனின் செயற்கைப் பாதம் வழுக்கியது. விழுந்தார். என் கைக்குள் கயிறு ஒரே இழுப்பாக இழுத்தது, நானே தரையிலிருந்து எழும்பிவிட்டேன். பிடித்தேன். இரண்டு மீட்டருக்குமேல் அவர் விழவில்லை.

அக்கா, முந்நூறு மீட்டர் உயரத்தில் வராத பயம் எனக்குத் தரையில் வந்தது. பற்கள் அடித்துக்கொண்டன. மேலே அவர் தொங்கிக்கொண்டே சிரிக்கிறார், "புடிச்சிட்டான்டி! லுத்விகா, பாத்தியா, புடிச்சிட்டான்!" என்று. லுத்விகா திரும்பவில்லை. "ஏறி முடிச்சிட்டுக் கூப்பிடுங்க" என்றார். கத்தி மட்டும் நின்றிருந்தது. நறுக்கவில்லை.

அவர் ஏறி முடித்தார். அவர் தரைக்கு இறங்கி வரும்வரை கயிற்றிலிருந்து நான் கண்ணை எடுக்கவில்லை. நீ எட்டு வருடமாக இதையா செய்கிறாய்?

கோஸ்மா


சகோபனே
14 செப்டம்பர் 2014

கோஸ்மா,

ஒன்பது வருடமாக. ஆமாம், இதைத்தான்.

நீங்கள் பாறையில் இருந்த சனிக்கிழமை நான் டூட்டியில் இருந்தேன். மதியம் போன் அடித்தபோது நீங்கள்தான் என்று நினைத்து ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். கணுக்கால் சுளுக்கிய ஒரு கணக்கு வாத்தியார். நடைபாதையில் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் இறங்கி வந்தேன், செருப்புப் போட்டு மலைக்கு வந்ததற்கு வழியெல்லாம் திட்டிக்கொண்டே.

அந்த நான்கு மீட்டரை எனக்கு எழுதியது நல்லது. அம்மாவிடம் சொல்ல மாட்டேன்.

செனோன் நேற்று வந்திருந்தார். அடுத்த ஞாயிறு தெற்குத் தூண் பாறை, முதல் இரண்டு கயிற்று நீளம் மட்டும் என்கிறார். லுத்விகாவும் கூட வந்திருந்தாள். பல மாதத்துக்குப் பிறகு என் சமையலறையில் உட்கார்ந்தாள். "பொக்னா முன்னால போனா ஒத்துக்கறேன். இல்லன்னா வீட்டைப் பூட்டிச் சாவியை ஆத்துல போட்டுருவேன்" என்றாள். சிரிக்காமல்தான் சொன்னாள்.

நான் முன்னால் போகிறேன். செனோன் நடுவில். நீ கடைசி. வானம் சரியில்லை என்று எனக்குப் பட்டால் திரும்புவோம், அதில் பேச்சு கிடையாது. உன் பழைய ஹெல்மெட்டைத் தூக்கிப் போடு, புதிது நான் கொண்டுவருகிறேன். முடிச்சை நீ போடு, நான் இழுத்துப் பார்ப்பேன்.

சனிக்கிழமை மாலை ரயிலில் வா. ஸ்டேஷனுக்கு நானே வருகிறேன். நீ வாராவாரம் இந்த ஊருக்கு வந்தும் நான் ஒதுங்கியே இருந்தேன், பதினோரு மாதமாக உன் முகத்தைப் பார்க்கவில்லை. முதலில் கன்னத்தில் ஒன்று விடுவேன், வாங்கிக்கொள். அதற்குப் பிறகு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம்.

பொக்னா